முழங்கால் வலியோடு, குளிர் மழையில், பாஸ்டன் மராத்தான் ஓடலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. பல வருடம் முயன்று, அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் சேரத் தேவையான தகுதி நேரம் எடுத்துவிட்டீர்கள். ஓட்டத்துக்கு இன்னும் பத்து நாள். கடைசி நீண்ட ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்து, ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே தூரத்தில் வருகிறது. அங்கே குளிரும் மழையும் எதிர்காற்றும் இருக்கலாம் என்று வானிலை முன்னறிவிப்பு சொல்கிறது. சென்னை தாண்டி எங்கும் முழு மராத்தான் ஓடியதில்லை. டிக்கெட், ஹோட்டல், பதிவுக்கட்டணம் எல்லாம் கட்டியாகிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா?

மாத்திரை வேண்டாம். ஓடுவது பற்றி: வலி நான் நினைப்பதுதான் என்றால் தொடங்கலாம். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சென்னையிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். நான் ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். பாஸ்டனில் ஓடியும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் வலி. முழங்காலின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரம் ஓடிய பிறகு, அதுவும் இறக்கத்தில் அதிகமாக வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஐடி பேண்ட். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் பற்றிக்கொள்ளும் பட்டை அது. முழங்கால் ஏறக்குறைய முப்பது டிகிரி மடங்கும்போது அந்த இடம் அழுத்தப்படுகிறது. மெதுவாக இறக்கத்தில் ஓடும்போது கால் அந்தக் கோணத்திலேயே அதிக நேரம் இருக்கும். அதனால்தான் சிலர், "வேகமாக ஓடினால் வலி இல்லை, மெதுவாகப் போனால்தான் வலிக்கிறது" என்று வந்து நிற்பார்கள். நான் பொய் என்று நினைப்பதாக அவர்களுக்கு ஒரு சந்தேகம். பொய்யில்லை, அப்படித்தான் இருக்கும்.

ஐடி பேண்ட் வலி கடுமையாக இருக்கும், ஆனால் அதனால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுப்போவதில்லை. அதனால்தான் "தொடங்கலாம்" என்கிறேன். வலி வேறு இடத்தில் இருந்தால் பதில் தலைகீழாகிவிடும். கவட்டை அல்லது இடுப்பின் முன்பக்கம் ஆழமாக வலித்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடினால் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். முன்கால் எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும், ஒற்றைக் காலில் நாலு முறை குதித்தால் சுருக்கென்று குத்தினாலும் ஸ்கேன் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்களே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

ஐடி பேண்ட்தான் என்று உறுதியானால், இந்தப் பத்து நாளில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இடுப்புத் தசையைப் பத்து நாளில் வலுப்படுத்த முடியாது, தசையை உருட்டித் தேய்க்கும் ஃபோம் ரோலர் கொடுக்கும் சுகம் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. நீண்ட ஓட்டத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சைக்கிள் வலிக்கவில்லை என்றால் ஓட்டுங்கள், இல்லையென்றால் நீச்சல் குளம். ஓடும் குறுகிய ஓட்டங்களில் காலடியைக் கொஞ்சம் குறுக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளை ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். உடனே வித்தியாசம் தெரிவது இது ஒன்றில்தான். ஓட்டத்துக்கு நாலு நாள் முன்பு ஒரு சோதனை: முப்பது நிமிடம், நடுவில் சில இறக்கங்களோடு. சென்னையில் இறக்கத்துக்கு ஏதாவது ஒரு மேம்பாலம்தான் கதி. அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் பாஸ்டனிலேயே செய்யலாம். பத்துக்கு மூன்றைத் தாண்டி வலி போகவில்லை, மறுநாள் காலையும் கூடவில்லை என்றால் தொடங்கலாம். நடை மாறி நொண்ட ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது.

இப்போது மாத்திரை. இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீண்ட ஓட்டமும் அதையே செய்யும். இரண்டும் ஒரே நாளில் சேர வேண்டாம். 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இப்யூப்ரோஃபென் எடுத்தவர்களில் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் காணப்பட்டது. தவிர, உங்கள் விஷயத்தில் வலிதான் வண்டியின் எச்சரிக்கை விளக்கு. அதை அணைத்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்பது எப்படித் தெரியும்? சிலர் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். ஓட்டத்துக்கு இவ்வளவு நெருக்கத்தில் நான் அனுப்ப மாட்டேன்.

அடுத்தது பாதை. பாஸ்டன் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும் ஓட்டம் அல்ல. மேற்கே ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, ஆஷ்லண்ட், ஃப்ராமிங்ஹாம், நாட்டிக், வெல்லஸ்லி, நியூட்டன், ப்ரூக்லைன் வழியாகக் கிழக்கு நோக்கி வந்து பாஸ்டன் நகரின் பாய்ல்ஸ்டன் தெருவில் முடிகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 140 மீட்டர் கீழே இறங்குகிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். உங்கள் முழங்காலுக்கு இதுதான் வம்பு. முதல் சில கிலோமீட்டர்கள் நன்றாக இறங்கும், கூட்டம் முட்டித் தள்ளும், கால் தானாக ஓடும். தொடையின் முன்தசை பிரேக் பிடித்துப் பிடித்து அங்கேயே நைந்துவிடும், அந்தக் கடனை நியூட்டன் மேடுகளில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆஷ்லண்ட் வரை குறுகிய அடி, சாலையின் நடுப்பகுதி. ஓரம் சரிந்திருக்கும், ஐடி பேண்டுக்கு அந்தச் சரிவு ஆகாது.

மேடுகள் 26-வது கிலோமீட்டர் அருகே நெடுஞ்சாலைப் பாலத்தில் ஆரம்பிக்கும். 28-க்குச் சற்று முன்பு ஒரு தீயணைப்பு நிலையம் வரும். அதில் வலது பக்கம் திரும்பி காமன்வெல்த் அவென்யூவில் ஏறினால் மீதி மேடுகள். கடைசி மேடுதான் ஹார்ட்பிரேக் ஹில். 1936-ல் ஜானி கெல்லி அந்த இடத்தில் எல்லிசன் பிரவுனை எட்டிப் பிடித்து, ஆறுதலாகத் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டு வாங்கியவர் ரோஷம் வந்து ஓடி ஜெயித்துவிட்டார். கெல்லியின் மனம் உடைந்த கதையாகப் பத்திரிகைக்காரர் எழுத, பெயர் நிலைத்துவிட்டது. மேடு என்று பார்த்தால் பெரிதில்லை, முப்பது மீட்டர்கூட ஏறாது. 32 கிலோமீட்டருக்குப் பிறகு வருவதால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி. உங்கள் முழங்காலுக்கு ஏற்றம் அவ்வளவு தொந்தரவு தராது. அதன் உச்சிக்குப் பிறகு பாஸ்டன் கல்லூரியைத் தாண்டி வரும் இறக்கத்தில்தான் கவனம் வேண்டும்.

இந்த நேர்கோட்டுப் பாதையால் காற்றின் திசை எல்லாவற்றையும் மாற்றிவிடும். 2011-ல் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளியது. கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் 2:03:02-ல் ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மராத்தான் ஓடியதில்லை. ஆனால் இறக்கமும் நேர்கோடும் விதிகளுக்குப் பொருந்தாததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 2018-ல் நேர் எதிர். ஐந்து டிகிரிக்கும் கீழே குளிர், நாள் முழுக்க மழை, முகத்தில் அறையும் கிழக்குக் காற்று. பத்து நாள் முன்னறிவிப்பை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாள் இருக்கும்போது பாருங்கள், மழையின் அளவைவிடக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள்.

2018-ஐ இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயத்துக்கு மருந்தும் அதில் இருக்கிறது. முன்னணி ஓட்டக்காரர்கள் வரிசையாக விலகினார்கள். ஆண்களில் ஜெயித்தவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி, சைதாமா மாகாணத்தில் அரசு வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். நேரம் 2:15:58, 1976-க்குப் பிறகு ஆண்களில் மிக மெதுவான வெற்றி. இந்த மாதிரி வானிலைதான் எனக்கு ஏற்றது என்று சொன்ன மனிதர். அதே ஜனவரி முதல் தேதி, உறைபனிக் குளிரில், அதே மாசசூசெட்ஸில் ஒரு மராத்தான் ஓடிவிட்டுப் போயிருந்தார். பெண்களில் டெஸ் லிண்டன் 2:39:54. ஆரம்பத்தில் உடம்பு ஒத்துழைக்காமல், விலகிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இருந்திருக்கிறார். எப்படியும் நிற்கப் போகிறோம், யாருக்காவது உதவலாம் என்று, கழிப்பறைக்குப் போன சக அமெரிக்க ஓட்டக்காரர் ஷலேன் ஃப்ளானகனுக்காகக் காத்திருந்து கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். ஓட ஓட உடம்பு சரியாகி, போட்டியையே ஜெயித்தார். முடிவுக் கோடு வரை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் ஒரு மயக்க மருந்து நர்ஸ். வேலை பார்த்தது அரிசோனாவின் டூசானில், பாலைவன ஊர். அது அவருக்கு இரண்டாவது மராத்தான்தான். வெயில் ஊரில் பயிற்சி எடுத்தால் குளிர் மழையில் ஓட முடியாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் அவர்கள் எல்லாரும் நிற்காமல் ஓடினார்கள். காயத்தோடு போகிறவர் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஓடும் வரை தசைகள் ஏராளமான வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதனால் நனைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். முழங்கால் வலித்து நடக்க ஆரம்பித்தீர்கள் என்றால் அந்த வெப்பம் மளமளவென்று குறைந்துவிடும். ஈரமும் காற்றும் குறையாது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நல்ல வானிலையில் வலி வந்தால் பத்து கிலோமீட்டர் நடந்தே முடித்துவிடலாம், ஃபோட்டோவும் கிடைக்கும். ஐந்து டிகிரி மழையில் அந்தப் பத்து கிலோமீட்டர் நடை இரண்டு மணி நேரம் நனைந்த துணியோடு நிற்பதற்குச் சமம். அங்கே முழங்காலைப் பற்றிய கவலை பின்னால் போய்விடும். உடல் வெப்பம் விழுவதுதான் பெரிய ஆபத்து. வெடவெடவென்று நடுங்குவது முதல் அறிகுறி. விரல் சொன்னபடி கேட்காது, நாக்கு குழறும், எந்தப் பக்கம் போகிறோம் என்ற தெளிவு போகும். இன்னும் குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அது குணமாவதன் அடையாளம் இல்லை, மோசமாவதன் அடையாளம்.

அதனால்தான் நிறுத்தும் இடத்தை முன்பே முடிவு செய்யச் சொன்னேன். குளிரில் விறைத்தவர் நல்ல முடிவு எடுப்பதில்லை, அதுவும் தெரியாத ஊரில். அதிர்ஷ்டவசமாக இந்தப் பாதை ரயில் பாதையை ஒட்டியே போகிறது. ஃப்ராமிங்ஹாம், நாட்டிக், வெல்லஸ்லி மூன்று ஊரிலும் புறநகர் ரயில் நிலையம் உண்டு. நியூட்டனில் 27-வது கிலோமீட்டர் அருகே வுட்லண்ட் நிலையம், பாஸ்டன் நகருக்குள் போகும் பச்சை வழித்தடம். ஹார்ட்பிரேக் இறங்கினால் பாஸ்டன் கல்லூரி நிலையம். அதற்குப் பிறகு ப்ரூக்லைனில் பீக்கன் தெரு நெடுக டிராம் கூடவே வரும். என் யோசனை: பாதி தூரமான வெல்லஸ்லி முதல் வாசல். அதற்குள் வலி ஐந்தைத் தாண்டினாலோ நடக்க வேண்டியிருந்தாலோ வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது வாசல் வுட்லண்ட். நியூட்டன் மேடுகளுக்குள் நொண்டிக்கொண்டு போக வேண்டாம். ஹார்ட்பிரேக் உச்சியை ஓடியே தொட்டுவிட்டால் மிச்சம் எட்டு கிலோமீட்டர்தான், அங்கிருந்து கொஞ்சம் பல்லைக் கடிக்கலாம். வழி நெடுக மருத்துவக் கூடாரங்கள் இருக்கும். நடுங்குகிறது என்றால் ரயிலைத் தேடாமல் நேரே கூடாரத்துக்குப் போங்கள். விலகுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக வண்டியும் உண்டு. அங்கே பலகைகள் மைல் கணக்கில் வரும் என்பதால் கிலோமீட்டர் எண்ணிக் குழம்பாமல் ஊர்ப் பெயரை வைத்துத் திட்டத்தை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

உடை விஷயத்தில் ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரத்துக்கு அதிகம் தயாராகுங்கள். சென்னையில் நாம் இருட்டிலேயே கிளம்பிப் பழகியவர்கள். இங்கே ஓட்டம் தொடங்குவதே காலை பத்து மணிக்கு மேல்தான், பெரும்பாலானவர்களுக்கு. அதற்கு முன் நகரின் நடுவில் உள்ள பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து மஞ்சள் பள்ளிப் பேருந்தில் ஹாப்கின்டன் போய், ஒரு பள்ளி மைதானத்தில் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் அந்த மைதானம் சேறு. உங்கள் பை நகரத்திலேயே இருக்கும், அங்கே கொண்டுபோக முடியாது. எனவே தூக்கி எறிய மனம் வரக்கூடிய பழைய ஸ்வெட்டர், பேன்ட் இரண்டும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கழற்றிப் போடுவதைச் சேகரித்துத் தானம் செய்துவிடுவார்கள். பழைய ஷூவோடு மைதானத்துக்குப் போய், ஓடும் ஷூவையும் காய்ந்த சாக்ஸையும் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்து கடைசியில் மாற்றுங்கள். பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் அதைவிட நல்ல மழைக்கோட்டு கிடையாது. தொடங்கியவுடன் அதைக் கழற்றி எறியாமல் உடம்பு சூடேறும் வரை வைத்திருங்கள்.

உடம்பில் பருத்தி வேண்டாம், ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய சிந்தெட்டிக் சட்டை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். முகப்பு நீண்ட தொப்பி இருந்தால் மழை கண்ணில் அடிக்காது. கைக்கு மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் கையுறை, அதன் மேல் கம்பளிக் கையுறை. கை ஏன் முக்கியம் என்றால், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டை விறைத்த விரலால் கிழிக்க முடியாது. வழவழவென்று நழுவும், பல்லால் கடித்தால் பாதி தாடையில் வழியும். சாப்பிடாமல் விட்டால் சூடு உண்டாக்க எரிபொருள் இல்லை. வீட்டில் நனைந்த கையுறையோடு இரண்டு பாக்கெட் பிரித்துப் பழகுங்கள், வீட்டில் உள்ளவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எண் அட்டையைச் சட்டையில் குத்தாமல் இடுப்புப் பட்டையில் மாட்டினால், ஜாக்கெட்டைக் கழற்றவும் போடவும் சங்கடம் இல்லை. உரசும் இடம் எல்லாம் வாசலின், தாராளமாக.

தண்ணீர் பற்றி நம் ஊரில் ஒரு பழக்கம்: ஒவ்வொரு மேசையிலும் குடித்தே தீருவது. அங்கே அதை விடுங்கள். 2002 பாஸ்டனில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2005-ல் வெளியான அந்த ஆய்வில், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும், குடித்துக் குடித்து எடை கூடி முடித்தவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். குளிரில் வியர்வை குறைவு. தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும்.

ஊர் தெரியாதது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. நேர வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம் என்பதால் நாலைந்து நாள் முன்பே போனால் தூக்கம் ஓரளவு சரியாகும். அதன் பிறகு பெரிய எதிரி சுற்றிப்பார்க்கும் ஆசை. ஃப்ரீடம் டிரெயில் என்ற சரித்திர இடங்களைப் பார்க்கும் பாதை நாலு கிலோமீட்டர் நடை, எண் அட்டை வாங்கப் போகும் கண்காட்சியில் இன்னொரு இரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும். ஓட்டம் திங்கட்கிழமை, ஊர் சுற்றுவதைச் செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திப் போடுங்கள். ஓட்டத்தன்று முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள காப்லி ரயில் நிலையம் மூடியிருக்கும் என்பதால் ஹோட்டல் திரும்ப வேறு நிலையத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் போட்டி ஓட்டத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று இப்போதே படியுங்கள். அமெரிக்காவில் ஒரு எம்.ஆர்.ஐ. பில் உங்கள் டிக்கெட் செலவை ஓரம்கட்டிவிடும்.

கட்டிய பணம் போகுமே என்றீர்கள். அது ஓடினாலும் திரும்பாது, ஓடாவிட்டாலும் திரும்பாது, எனவே கணக்கில் சேர்க்காதீர்கள். 2012-ல் முப்பது டிகிரியைத் தாண்டிய வெயில் வந்தபோது, விரும்பியவர்கள் அடுத்த வருடம் ஓடலாம் என்று அமைப்பாளர்களே அறிவித்தார்கள். அது விதிவிலக்கு. அதை எதிர்பார்த்துப் போக முடியாது.

கடைசியாக, முடிக்காமல் போனால் என்ன செய்வது, பாஸ்டன் மராத்தானின் நினைவு ஜாக்கெட்டை முன்பே வாங்கலாமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருந்தீர்கள். அந்த வருட ஜாக்கெட்டை முடித்த பிறகுதான் போட வேண்டும் என்று அங்கே பலருக்கு ஒரு நம்பிக்கை. கண்காட்சியில் முதல் நாளே வாங்கிவிடுங்கள், பிறகு உங்கள் அளவு இருக்காது. போடுவதா வேண்டாமா என்பதைத் திங்கள் மாலை பார்த்துக்கொள்ளலாம். நாலு நாள் முன்பு செய்யும் சோதனை ஓட்டம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வலி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, இறக்கத்திலா சமதளத்திலா, மறுநாள் படி இறங்கும்போது எப்படி இருந்தது, இந்த மூன்றும் தெரிந்தால் வெல்லஸ்லி வாசலை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்று சொல்லிவிடலாம்.